தூக்குக்குண்டு நூல்

இதை எழுதும்போதும் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் வலது கண்ணை மூடி இடது கண்ணால் ஒருமுறை, இடதை மூடி வலது கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்கிறேன். போன ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதற்கு முன்னால் எனக்கு இரண்டு கண் இருக்கிறது என்பதை நான் தனியாக நினைத்ததே இல்லை.

எல்லாம் ஒரு செடி சாய்ந்ததில் ஆரம்பித்தது.

மகள் கல்லூரியில் படித்தபோது தேனியில் ஒரு நர்சரியில் வாங்கிய செடி அது. மூன்று பட்டையாக நிமிர்ந்த தண்டு, பட்டை விளிம்பில் முள், முள்ளுக்கு நடுவே நகத்தளவு இலைகள். வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி. ஒட்டியிருந்த சீட்டில் ‘கேக்டஸ்’ என்று இருந்தது. நாங்களும் அப்படியே சொன்னோம். வேலை கிடைத்துப் புனேவுக்குப் போகும்போது அவள் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். “தண்ணி ரொம்ப ஊத்திராதீகப்பா. சாயாம பாத்துக்கங்க.”

தண்ணீர் விஷயத்தில் நான் தவறவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மண்ணுக்குள் குச்சியை விட்டு, ஈரம் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஒரு டம்ளர். வெளியே வைக்க வழியில்லை. காமயகவுண்டன்பட்டியில் ஆனி பிறந்துவிட்டால் மலைக்கணவாய் வழியாக வருகிற காற்று மாடியில் காயும் போர்வையைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய்விடும். கூடவே சாரல் வேறு. ஆகவே செடி என் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், கிழக்கு ஜன்னலோரம், ஒரு முக்காலி மேல் நின்றது.

சாய்வுதான் என் கையில் நிற்கவில்லை. கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டு ஒன்று வாங்கி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். குண்டு ஆடி அடங்கியதும் நூலுக்கும் செடியின் நுனிக்கும் நடுவே அளவுகோலை வைத்து, ஞாயிறுதோறும் டைரியில் குறித்தேன். சித்திரைக் கடைசியில் இரண்டு சென்டிமீட்டர். வைகாசிக் கடைசியில் நாலு. ஆனி முடியும்போது ஏழு. தொட்டியை வாரம் ஒரு கால்சுற்று திருப்பச் சொல்லி ஒரு புத்தகத்தில் படித்தேன். திருப்பினேன். வெளிச்சம் தேடி வளைந்தது நின்றது. ஆனால் அடியே ஆட்டம் கண்டிருந்தது. விரலால் தொட்டால் முழுச்செடியும் தலையாட்டியது.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். இருபத்தாறு வருடமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். எங்கள் ஊரில் கோயில் மணி மாற்றியது, கிணறு வற்றியது, முதல் மழை விழுந்தது எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. என் கையில் ஒன்று மெல்ல மெல்ல விழுவதை வாரவாரம் எழுதிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் செடிக்கு ஒன்று என்றால் திராட்சைத் தோட்டக்காரரைத்தான் கூப்பிடுவோம்.

அந்த ஆடி ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் கவாத்துக் கத்தரியோடு வந்தார். செடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“தலைப்பாரம் மாப்ள. ஒரு முழம் எடுத்துவிட்டா நிமிந்துக்கிரும்.”

“இது திராட்சை இல்லையே மச்சான்.”

“எதுவா இருந்தா என்ன? தலை கனத்தா ஒடம்பு வளையத்தான் செய்யும். நீங்களும் அந்தப் புஸ்தகத்தையெல்லாம் எறக்கி வச்சா நிமிந்துருவீக.”

அடுப்படியிலிருந்து மனைவி சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அறிவாளியாக, இன்னொன்றும் சொன்னேன். கேக்டஸை வெட்டினால் வெறும் நீர்தான் கசியும், பயமில்லை என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்றேன். படித்தது உண்மை. புத்தகத்திலும் தவறில்லை.

திராட்சைக் கொடியைக் கவாத்து செய்கிறவர்கள் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று வெட்டுவார்கள். வெட்டுவாயில் தண்ணீர் சொட்டும். அது முகத்தில் விழுந்தால் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்த கொடிக்குப் போவார்கள். வெட்டிய இடம் பச்சையாக இருக்கிறதா என்று கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். இந்த ஊர்க்காரன் என்பதால் எனக்கும் அது பழகிய காரியம். நான் தரையில் மண்டியிட்டு அடித்தண்டைத் துணியில்லாமல் முள்ளுக்கு இடையே பிடித்துக்கொண்டேன். கிட்டப்பார்வைக்காரன் எதையும் கிட்டத்தில் பார்க்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவான். கழற்றி அலமாரியில் வைத்தேன்.

கத்தரி ஒரே கடி. மச்சான் வெட்டிய துண்டை என் தலைக்கு மேலே தூக்கினார். “பச்சையா இருக்கா பாருங்க” என்றார். அண்ணாந்தேன்.

விழுந்தது வெள்ளையாக இருந்தது. அதை மட்டும் பார்த்தேன்.

முதலில் வலிக்கவில்லை, பால் விழுந்தாற்போலத்தான் இருந்தது. இரண்டு கையாலும் இரண்டு கண்ணையும் துடைத்தேன். தண்டு வழியாக இறங்கிய பால் என் விரல்களில் ஏற்கெனவே இருந்ததை அப்போது நான் அறியவில்லை. பத்து எண்ணுவதற்குள் கண்ணுக்குள் மிளகாயை அரைத்து வைத்தாற்போல ஆகிவிட்டது. நான் கத்தினேனாம். எனக்கு அது ஞாபகமில்லை.

“பாலு! அண்ணே, பாலு வடியுது! இது கள்ளில்ல!” மனைவியின் குரல்.

“கேக்டஸுன்னுதான ஆத்தா சொன்னாக!”

“வரப்புல நின்னா கள்ளின்னு தெரியும். வெள்ளைத் தொட்டில நின்னா தெரியாதாக்கும்? ரெண்டு பேருக்கும்!”

மச்சான் விளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு விடலாம் என்றார். அவள் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்க் குழாயடியில் தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் பிரித்து, தண்ணீரைத் திறந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “இப்பவும் மணி கேக்குறீகளே” என்றவள், குரல் உடைந்து நிறுத்தினாள். அந்த உடைந்த குரலில்தான் எனக்குப் பயம் வந்தது.

மச்சானின் சரக்கு வண்டியில் தேனிக்குக் கிளம்பினோம். ஈரத் துண்டு கண்மேல். நான் நடுவில், அவள் ஒரு பக்கம். பின்னால் காலி திராட்சைப் பெட்டிகள் ஒவ்வொரு வேகத்தடைக்கும் குதித்தன. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர். ஒவ்வொன்றும் வந்ததும் அவள் பேரைச் சொல்லச் சொன்னேன். சொல்லாவிட்டால் வண்டி எங்கேயும் போகாமல் இருட்டுக்குள் நிற்பதுபோல இருந்தது. வீரபாண்டியில் துண்டை விலக்கிப் பார்த்தேன். வெளிச்சம் மட்டும் இருந்தது. பால் கலந்த தண்ணீர்போல ஒரு வெளிச்சம். அதற்குள் எந்தப் பொருளும் இல்லை. துண்டை மறுபடி வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் மனைவி பையிலிருந்து வெட்டிய துண்டை எடுத்துக் காட்டினாள். அதைக் கவரில் கட்டிக்கொண்டு வரத் தோன்றியது அவளுக்குத்தான்.

“இது பால் வடியிற கள்ளிங்க. கேக்டஸே இல்ல, கேக்டஸ்னு விக்கிறாங்க” என்றார் டாக்டரம்மா. “உடனே கழுவினீங்களே, அது ரொம்ப நல்லது. ஆனா இன்னும் ரெண்டு நாளைக்கு வலி கூடும். அப்புறம்தான் இறங்கும்.”

“பார்வை?” என்றேன்.

“பெரும்பாலும் திரும்பிடும். கருவிழி எப்படி ஆறுதுன்னு பாக்கணும். இப்பவே சொல்ல முடியாது.”

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நான் எத்தனை கட்டுரைகளில் யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்! அன்று அதற்குள்ளேயே படுத்துக் கிடந்தேன்.

அன்றிரவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து. டாக்டரம்மா சொன்னபடியே வலி இரண்டு நாள் ஏறியது. திங்கட்கிழமை டைரி என்ன ஆவது என்று கேட்டேன். மனைவி எழுதினாள். முதலில் தேதியைப் போடு என்றேன். போட்டுவிட்டு எழுதியதைப் படித்துக் காட்டினாள்: “இன்று மழை இல்லை. கண் அப்படியே.” செவ்வாய்க்கும் அதுதான். புதனுக்கும் அதுதான்.

புதனன்று மச்சான் வந்தார். கையுறை போட்டு, மகளின் பழைய கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, செடியைப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து எடுத்தாராம். மனைவி சொன்னாள். அகலமான மண்தொட்டியில் நட்டாராம்; அடியில் கல், மேலே ஆற்றுமணல் கலந்த மண். “தலைப்பாரம் இல்ல மாப்ள. தொட்டிக்குத்தான் கனம் பத்தல” என்றார். பிறகு என் கட்டிலருகே வந்து நின்றார். அவருடைய மூச்சு கேட்டது. “என்னைய வையுங்களேன் மாப்ள” என்றார். நீர்தான் கசியும் என்று சொன்னது நான். எதற்கு அவரை வைவேன்?

வியாழன் காலையிலிருந்து மனைவி ஒரு சோதனை வைத்தாள். ஜன்னலிலிருந்து தூக்குக்குண்டை அவிழ்த்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்பாள்: “நூல் தெரியுதா?” தெரியவில்லை. வெள்ளியும் தெரியவில்லை. அன்று மாலை அடுப்படியில் அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுவது கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“நூல் தெரியுதா?”

“தெரியுது” என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். “நான் இன்னும் நூலக் கையில எடுக்கவே இல்லைங்க. அங்கன மேசை மேல கெடக்கு.”

அந்த வாரத்தில் நான் அதிகம் பயந்தது அப்போதுதான். என் கண் போய்விட்டது என்று அவளும் நானும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் நம்பிய கணம் அது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “பொய் சொல்லாதீக. தெரியாட்டித் தெரியலன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

அதற்குப் பிறகு நான் பொய் சொல்லவில்லை. ஞாயிறன்று அவளுடைய கையின் நிழல் தெரிந்தது. திங்களன்று ஜன்னல் நாலு சதுரமாகத் தெரிந்தது. சொன்னேன். அவள் முழுதாக நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை, பத்தாம் நாள் காலை. அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். “தெரியுதா?” என்று மட்டும் கேட்டாள். வெளிறிய வெளிச்சத்தில் ஒரு கோடு. இமையை மூடித் திறந்தேன். கோடு இருந்தது. ஆடிக்கொண்டிருந்தது. கோட்டில் என்னவோ கறுப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தது. என் கண்ணில்தான் ஏதோ மிச்சம் என்று முதலில் பயந்தேன். மறுபடி மூடித் திறந்தேன். புள்ளிகள் நகரவில்லை.

“நூல்ல முடிச்சுப் போட்டிருக்கியா?”

மேலிருந்து கீழே எண்ணினேன்.

“நாலு. கீழ ரெண்டும் ஒட்டிக் கெடக்கு.”

குண்டு தரையில் விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

அன்றைய டைரியை நானே எழுதுகிறேன் என்றேன். “டாக்டரம்மா இன்னும் எழுதக் கூடாதுன்னாக” என்று தர மறுத்துவிட்டாள். அந்தப் பக்கத்தைச் சில நாள் கழித்துத்தான் படித்தேன். தேதியை முதலில் போட்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: “நாலு என்று சொன்னார். நாலுதான்.”