தாங்குமாம்

மண்ணைப் பரிசோதிக்கக் குழி வெட்டுகிற வேலையில் ஆழம் கூடக் கூடச் சம்பளம் கூடுவதில்லை, பயம்தான் கூடும்.

உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்களுக்கும், விடியமுன் ரயிலேறி அலுவலகம் துடைக்கப் போகிறவர்களுக்கும் நான் இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் எல்லோருக்கும் வேலையோடு சேர்த்து ஒரு பயத்தையும் கையில் தந்திருப்பார்கள். எனக்குத் தந்தது மண்.

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. கான்டால் மலையில் மண் சரிந்தபோது நான் கத்தி எச்சரித்து, யோகன் அண்ணையின் உயிரைக் காப்பாற்றினேன் என்பது அந்தக் கதை. அதைச் சொல்லித் திரிகிறவர் யோகன் அண்ணையேதான். நல்லவனாக என்னைக் காட்டுகிற கதை என்றாலும், பல வருடங்களாக எனக்கு அதில் சந்தேகம். என் ஞாபகத்தில் இருப்பது வேறு. அதைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிகிறது.

விரித்த துணி

எங்கள் அலுவலகம் சிறியது. காடு வைத்திருப்பவர்கள் மரம் நடவோ பாதை போடவோ முன்னர் மண் எப்படி என்று கேட்பார்கள். மதாம் எலேன் என்ற மண் ஆராய்ச்சிக்காரி பார்த்து எழுதிக் கொடுப்பார். அவர் காட்டுகிற இடத்தில் யோகன் அண்ணையும் நானும் நெஞ்சளவுக்குக் குழி வெட்டுவோம். யோகன் அண்ணை என்னைவிட எட்டு வயது மூத்தவர். தமிழர்கள் மட்டுமே நின்ற ஒரு சமையலறையில் பதினைந்து வருடம் கிடந்ததால் அவருடைய பிரெஞ்சு 'போன்ஜூர்' என்பதைத் தாண்டவில்லை. ஆகவே மொழிபெயர்ப்பும் என் தலையில். என்னுடைய பிரெஞ்சும் கோப்பை கழுவிய இடத்தில் பொறுக்கியதுதான் என்பதை நான் மதாமுக்குச் சொல்லவில்லை.

கான்டாலில் முதல் நாள் அவர் எங்களுக்கு அந்த மலையை விளங்கப்படுத்தினார். அது பழைய எரிமலை. பிறகு வந்த பனியாறுகள் சரிவுகளைச் சுரண்டி, கல்லையும் களியையும் அரைத்து அழுத்தி, சீமெந்து போட்டதுபோல் ஓர் அடித்தட்டை விட்டுவிட்டுப் போயின. அதற்குப் பின்னும் எரிமலைகள் வெடித்து, சாம்பல் அந்தத் தட்டின்மேல் விழுந்தது. சாம்பல் உக்கி, பீச் மரங்களின் இலைகளோடு சேர்ந்து, கறுத்த மண்ணாகியது. மண்வெட்டி மாவுக்குள் போவதுபோல் உள்ளே போனது. அடித்தட்டில் பட்டதும் அலவாங்குக் கம்பி துள்ளித் திரும்பியது. வேலை லேசு என்று நான் சந்தோசப்பட்டேன். யோகன் அண்ணை குழியைப் பார்க்கவில்லை, மரங்களைப் பார்த்தார். எல்லா மரமும் அடியில் பள்ளத்தின் பக்கம் வளைந்து, பிறகு நிமிர்ந்து நின்றன.

"தம்பி, மேசையிலை விரிச்ச துணி மாதிரிக் கிடக்குது இந்த மண். ஆரோ ஒரு நாளைக்கு நுனியைப் பிடிச்சு இழுக்கப் போயினம்."

சவர்க்காரம்

மண்ணைச் சோதிக்கிற முதல் கருவி விரல். ஒரு கிள்ளு எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்போம். மணலா, களியா என்று விரல் சொல்லும். அந்தக் கறுத்த மண் காய்ந்ததுபோல், பொருபொரு என்று இருந்தது. கொஞ்சம் பலமாக அழுத்தினேன். சட்டென்று அதிலிருந்து தண்ணீர் கசிந்தது, விரல் நனைந்து சவர்க்காரம் பிடித்ததுபோல் வழுக்கியது. அழுத்தத்தை விட்டதும் பழையபடி ஒன்றும் நடக்காத மாதிரி இறுகிக்கொண்டது. சாம்பல் மண்ணின் குணம் அது என்றும், தன் எடையைவிடக் கூடத் தண்ணீரை அது ஒளித்து வைத்திருக்கும் என்றும் மதாம் சொன்னார்.

நாங்கள் நின்றது அந்த மண்ணின்மேல். அன்று முழுக்க நான் பாதத்தை மெல்ல மெல்ல வைத்தே நடந்தேன். இந்த மண் பொய் சொல்லுகிறதே என்று மதாமிடம் சொன்னதற்கு அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்.

"பொய் சொல்லவில்லை. அழுத்தினால்தான் உண்மையைச் சொல்லும், அவ்வளவுதான்."

நல்ல இடமாம்

இரண்டாம் நாள் அந்தக் காட்டின் சொந்தக்காரர் நாயோடு வந்தார். வெட்டிய மரங்களை இறக்க அவருக்கு ஒரு பாதை வேண்டும், அதற்காகத்தான் நாங்கள் வந்திருந்தோம். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, சிறுவயதிலிருந்து இந்தப் பக்கம் மாடு மேய்ப்பதாகவும், காட்டோரத்துப் புல்லில் எங்கே விட்டாலும் படுக்கிற மாடு இந்தச் சரிவில் மட்டும் ஒருநாளும் படுத்துத் தான் கண்டதில்லை என்றும் நீளமாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையைக் குலுக்கிப் போய்விட்டார்.

யோகன் அண்ணை குழிக்குள்ளிருந்து என்னவாம் என்று கேட்டார். மாட்டுக் கதையைச் சொன்னால் இரண்டு பேருக்குமே வேலை ஓடாது. 'நல்ல இடமாம்' என்றேன். நம்முடைய மொழியில் அந்த 'ஆம்' ஒரு பெரிய வசதி. அதை வாலில் ஒட்டிவிட்டால் சொன்னவன் நானில்லை. அண்ணை மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"நல்ல இடம் எண்டு சொல்லுறதுக்கு அந்தாளுக்கு இவ்வளவு நேரம் எடுத்ததோ?"

இரண்டு படி

மலைகளுக்கு மேலால் சில நாட்களில் பயிற்சி விமானங்கள் தாழப் பறக்கும். மூன்றாம் நாள் ஒன்று போனது. சத்தம் வரும் முன்னரே யோகன் அண்ணை குழியின் அடியில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தார். நானும் மேலே நின்றபடி குனிந்துவிட்டேன். ஊரில் நாங்கள் இருவருமே குண்டுவீச்சுக்குப் பயந்து வீட்டு வளவில் பங்கர் வெட்டியவர்கள். அதைப்பற்றி அதுவரை ஒரு சொல்லும் கதைத்ததில்லை, அன்றும் கதைக்கவில்லை.

ஆனால் அண்ணை எழுந்து, குழியின் பள்ளப் பக்கச் சுவரில் இரண்டு படி வெட்டத் தொடங்கினார். நேரம் வீணாகிறது, அளவும் கெடுகிறது என்று மதாமுக்குக் கோபம். அதை நான் தமிழில் சொன்னபோது அண்ணை வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அவவுக்குச் சொல்லும், ஏறி வர வழியில்லாத பள்ளத்துக்கு எங்கடை ஊரிலை வேறை பேர் எண்டு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மூன்று சொல்

நாலாம் நாள் காலையில், முந்தின நாள் மாலையிலிருந்து பெய்த மழை விட்டிருந்தது. கறுத்த மண் அடித்தட்டைத் தொடுகிற கோட்டில் தண்ணீர் வியர்வைபோல் கசிந்துகொண்டிருந்தது. யோகன் அண்ணை மண்ணின் கடைசி மாதிரியை எடுக்க, பையோடு குழியின் விளிம்பில் காத்து நின்றார். மதாம் கத்திப் பிடியால் மேல்பக்கச் சுவரைக் குத்திப் பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்து மூன்று சொல் சொன்னார். 'சா தியான் ப்ளூ.' சொல்லிவிட்டு வாகனத்தை நோக்கி வேகமாக நடந்தார். 'தியான்' என்றால் தாங்குகிறது. 'ப்ளூ' என்றால் கூட, இன்னும். அதுதான் எனக்குத் தெரிந்த 'ப்ளூ'. கமரா எடுக்கப் போகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"இன்னும் நல்லாத் தாங்குமாம், இறங்குங்கோ" என்று அண்ணைக்குச் சொன்னேன். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் இறங்கினார். கொஞ்ச நேரத்தில், பழஞ்சேலை கிழிகிறதுபோல் வேர்கள் அறுகிற சத்தம். சுவர் வயிறுபோல் முன்னுக்குத் தள்ளியது. நான் வாயைத் திறந்தேன். அதிலிருந்து சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடித் திறந்தபோது அந்தக் கறுத்த மண் கூழாக ஓடிக் குழியை நிரப்பி, உடனே கல்லாக இறுகிக்கொண்டிருந்தது. அண்ணை இடுப்புவரை அதற்குள் நின்றார். ஒரு கால் மட்டும் அவரே வெட்டிய படியில் இருந்தது. இல்லாவிட்டால் தலை தெரிந்திராது. மதாமும் நானும் கையாலே தோண்டினோம். நகங்களுக்குள் மண் போனது. சரிவு மேலே இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற நினைப்பில் என் முதுகு குளிர்ந்துகொண்டே இருந்தது. அண்ணையின் முழங்கால் பிசகியிருந்தது, முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் வழமைபோல்.

"மெல்ல இழும் தம்பி, என்ரை சப்பாத்து ஒண்டு உள்ளுக்கை நிக்குது."

ரோல்ஸ் கடை

பாரிஸுக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குள் லா ஷப்பலில் ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனைக் கடைகளுக்கெல்லாம் கதை போய்விட்டது. நான் தேத்தண்ணியோடு தின்ன ரோல்ஸ் வாங்க நின்றால், முன்பின் தெரியாதவர்கள் தோளில் தட்டினார்கள். விபத்து அறிக்கையில் மதாம், சுவர் தாங்காது என்று தான் சொன்னதாகவும், வேறு இடம் பார்க்க அளவுநாடாவை எடுக்க வாகனத்துக்குப் போனதாகவும் எழுதியிருந்தார். தன்னைக் காப்பாற்றப் பொய் எழுதுகிறார் என்று நான் கொதித்தேன். அதையும் அந்தக் கடையில் நின்று பலருக்குச் சொன்னேன். யோகன் அண்ணை மதாமைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே சொற்களில் ஒரே வசனத்தைச் சொல்லுவார்.

"இவர் கத்தின கத்துக்குத்தான் நான் ஒரு காலைப் படியிலை தூக்கி வைச்சனான், இல்லாட்டி இண்டைக்கு என்ரை படத்துக்கு மாலை."

கொழுவி

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கார்ஜ் நகரில் எங்கள் வீட்டு வாசலில் கோட்டு மாட்ட ஒட்டியிருந்த கொழுவி, மகளின் கோட்டோடு கழன்று விழுந்தது. மகள் இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். கொழுவியைப் பொறுக்கிக்கொண்டு அவள் சொன்னது: 'சா தியான் ப்ளூ.'

எனக்குச் சிரிப்பு வந்தது. விழுந்து கிடப்பதை இன்னும் நல்லாத் தாங்குது என்கிறாயே என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். அறிக்கையில் மதாம் எழுதியது அப்படியே உண்மை. அதைவிட மோசமான ஒன்றும் அப்போதுதான் உறைத்தது. 'தாங்குமாம்' பிழையாக விளங்கிய சொல், அதை மன்னிக்கலாம். 'இறங்குங்கோ' என்பதைப் பிரெஞ்சில் யாரும் சொல்லவே இல்லை. அதற்கு வாலில் 'ஆம்' கிடையாது.

"அப்பா, கடைசியில் 'ஸ்' கேட்டால்தான் கூட. 'ஸ்' கேட்காவிட்டால் இனி இல்லை."

கடுதாசி

யோகன் அண்ணையின் முழங்கால் வருடம் போகப் போக மோசமாகியது. லெ பிளாங்-மெனிலில் மூன்றாம் மாடியில் இருக்கிற அவருக்குப் படியேற முடியவில்லை. வேலையில் வந்த காயம்தான் என்று அவருடைய விபத்து இழப்பீட்டுக் கோப்பைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள், கூட நின்றவனுடைய 'ஒத்தெஸ்தாசியோன்' என்கிற சாட்சிக் கடிதம் வேண்டுமாம். போன சனிக்கிழமை அதே ரோல்ஸ் கடையில் அந்தக் கடுதாசியை என் முன்னால் வைத்தார். சாட்சி தன் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும், பொய் எழுதினால் குற்றம் என்று மேலே அச்சடித்திருந்தது. பேர், பிறந்த திகதி, விலாசம் எழுதினேன். அதற்குக் கீழே பெரிய வெற்றுக் கட்டம்.

உண்மையை எழுதினால் பிழை முழுக்க எங்கள் பக்கம் என்று கோப்பை மூடிவிடுவார்களோ என்று பயம். கத்தினேன் என்று எழுதினால் கேட்காத சத்தத்துக்குக் கையெழுத்து வைக்கிற பயம். அதைவிடப் பெரிய பயம், அவருக்கு எல்லாம் தெரியுமோ என்பது. குழிக்குள் நின்றவர் அவர். என் வாயிலிருந்து வந்ததை என்னைவிட நன்றாகக் கேட்டவர். தெரிந்துகொண்டே இத்தனை வருடம் இந்தக் கடையில் என் பிழையை மூடி மூடி வைத்திருக்கிறாரோ? அண்ணை தட்டில் கிடந்த ரோல்ஸ் தூளை எடுத்து, பழைய பழக்கத்தில், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் பேனை நிற்பதைக் கண்டுவிட்டு நிமிராமலே சொன்னார்.

"வழமையா நான் சொல்லுறதை எழுதும் தம்பி, அது ஒருத்தரும் பிழை பிடிக்காத கதை."

பேனையை மூடி வைத்தேன். இத்தனை வருடம் மண்ணை விரலால் அழுத்தி அழுத்தி உண்மை கேட்டுப் பிழைத்தவன், மனிதனை அழுத்திக் கேட்டது இந்த ஒரு தடவைதான்: "அண்ணை, அண்டைக்கு உங்களை இறங்கச் சொன்னது ஆர்?"