சாமுவேலண்ணனும் சத்தம் குறைந்த மைக்கும்

போன திங்கட்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கம்பெனி வாட்ஸப் குழுவில் ஒரு வரி வந்தது. நம் எலக்ட்ரீஷியன் சாமுவேல் நேற்று மாலை மாரடைப்பில் காலமானார், அடக்கம் இன்று மூன்று மணிக்கு ஊத்துக்குளியில். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அந்தக் கைகளுக்கு நடுவே பேக்கிங் பிரிவில் ஒருவர், "கார்ட்டன் ஸ்டிக்கர் வந்துருச்சா?" என்று கேட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே கீழே போய் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் என் கைபேசியைப் பார்த்தேன். நானும் ஒரு கும்பிட்ட கையைத்தான் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கை போதாது என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் தையல் லைனில் கரண்ட் போனால் வருகிறவர். இடுப்பில் டெஸ்டர், காதில் பென்சில், அதட்டினாலும் கோபப்படாத மனிதர். எனக்கு அவர் யார் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் எலக்ட்ரிக் கிடார் வாங்கியவன் என்று தெரிந்தால் எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவே என்னைக் கிண்டலடித்துத் தீர்த்திருக்கும் என்பதால் கமுக்கமாக வாங்கினேன். கல்லூரியில் கொஞ்சம் வாசித்த பழக்கம். ஒரு சின்ன ஆம்ப், ஒரு மைக், மைக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் ஒரு பெட்டி. வாசிப்பதைப் பதிவு செய்து மகளுக்கு அனுப்பலாம் என்று ஆசை. பதிவு செய்து போட்டுக் கேட்டால் கிணற்றுக்கு அடியில் எவனோ வாசிப்பதுபோல் இருந்தது. சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் 'உஸ்' என்ற இரைச்சல்தான் கூடியது.

ஒருநாள் மதியம் அதே பதிவின் ஒலிக்கோட்டை ஆபீஸ் லேப்டாப் திரையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தபோது, யுபிஎஸ் பார்க்க வந்த சாமுவேலண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னங்க சார், கோடு படுத்தே கெடக்குது? ஆளு உசுரோட இருக்காருங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரித்துவிட்டேன். அவர் ஊர் தேவாலயத்தில் பல வருடங்களாக ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிறவர் என்பது அன்றைக்குத்தான் தெரியும். கிடாரில் அவருக்கு ஒரு தந்திகூட மீட்டத் தெரியாது. "வாசிக்கறது உங்க பாடு. சத்தம் வல்லீன்னா அது எம்பாடு. ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வர்றனுங்க" என்றார்.

ஞாயிறு என்றால்தான் என் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள நிட்டிங் யூனிட்டில் மெஷின் ஓடாது. அதனால் பதிவு என்றாலே எனக்கு ஞாயிறு மதியம்தான். சொன்னபடி நாலு மணிக்கு வந்தார். மைக்கைப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே கீழே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். விஷயம் இதுதான்: ஜன்னல் திறந்தால் பக்கத்து யூனிட்டிலிருந்து பஞ்சுத் தூசி பறந்து வரும். மைக்கில் தூசி அடையக்கூடாது என்று, வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பியதுபோக மீந்த, கம்பளிபோல் தடித்த ஃபிளீஸ் சாம்பிள் துணியில் மைக்குக்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தேன். ஒன்றல்ல, இரண்டு அடுக்கு. முப்பது வருடம் பனியன் தொழிலில் இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

"குளிர் தேசத்துக்கு அனுப்பற துணியை மைக்குக்கு மாட்டியுட்டிருக்கீங்க. பாவம், அதுக்கு வேர்க்காதுங்களா?" என்றார்.

உறையைக் கழற்றியதும் நான் அவசரப்பட்டு மைக்கை ஆம்ப் பக்கத்தில் நகர்த்தி, ஒயரையும் மாற்றப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஒரு நேரத்துல ஒண்ணுதானுங்க மாத்தோணும். எல்லாத்தையும் மாத்தீட்டா எது தப்புன்னு எப்படிங்க தெரியும்?" அதன்பின் ஒவ்வொன்றாகப் போனார். மைக் மூன்று அடி தள்ளி இருந்தது. ஆம்ப்பின் ஸ்பீக்கருக்கு நான்கு விரல் தூரத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒயரை மைக்குக்கு உரிய துளையில் செருகாமல் கிடாருக்கு உரிய துளையில் செருகியிருந்தேன், ஒயரையே மாற்றினார். பெட்டியில் மைக்கின் சத்தத்தைக் கூட்டும் கெயின் நாப் கால்வாசிகூடத் திரும்பியிருக்கவில்லை, அதையும் திருப்பினார். எல்லாம் முடிந்தும் ஏதோ குறைந்தது. ஆம்ப்பைத் தொட்டுப் பார்த்தார். அதன் சத்தக் குமிழ் ஒன்றில் நின்றது.

"ஏனுங்க சார், இத்தனை கம்மியா வெச்சா மைக்கு எங்கிருந்துங்க எடுக்கும்?"

"கீழ ஹவுஸ் ஓனர் இருக்காருண்ணா."

"அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இல்ல. சொல்லுவாருன்னு..."

"பதிவு பண்ணிப் பொறகால கூட்டுனா எரைச்சலுந்தானுங்க சேர்ந்து கூடும். வர்ற எடத்துலயே சத்தமா வரோணும்" என்று சொல்லிவிட்டு, ஆம்ப்பின் குமிழை நாலில் கொண்டுபோய் வைத்தார். வாசித்தேன். திரையில் கோடு எழுந்து நின்றது. கீழ்வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்தப் பொறுமையை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். போன தீபாவளி ஷிப்மெண்ட் சமயத்தில் இரண்டாவது மாடி லைன் மொத்தமும் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா? புரொடக்‌ஷன் மேனேஜர் அவர் தலைக்குமேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொரு மெஷினாகப் பிளக்கைப் பிடுங்கிச் செருகிக்கொண்டே போனார். கத்தல் ஓய்ந்த ஒரு நொடியில், "சார், நீங்களும் கொஞ்ச நேரம் ஆஃப்ல இருந்தீங்கன்னா சுலுவா இருக்குமுங்க" என்றார். லைனே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார் என்றுதான் நினைவு.

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம்.

மைக் சரியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு நல்ல பதிவு ஒன்று கிடைத்தது. மகளுக்கு அனுப்பினேன். ஒரு இதயப் படம் வந்தது. அதற்குப் பிறகு வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. டீ போட்டேன், குடித்தேன், டம்ளரைக் கழுவினேன். மணி நாலே முக்கால்தான் ஆகியிருந்தது. முந்தின ஞாயிறு இதே நேரத்தில் இந்த வீட்டில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கெயின் நாப்பைக் கீழே திருப்பினேன். பத்து நொடி வாசித்துப் பதிவு செய்து, "அண்ணா, மறுபடி சத்தம் குறைஞ்சிருச்சு" என்று அவருக்கு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் போன் வந்தது. "ஆம்ப் எத்தனைல நிக்குதுங்க? மைக்கு எத்தனை வெரல் தள்ளி? ஒயரு மைக்குத் தொளைலதானுங்களே?" ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் பார்ப்பதுபோல் பாவனை செய்து பதில் சொன்னேன். கடைசியில் நாப்புக்கு வந்தார். திருப்பினேன். "வந்துருச்சுண்ணா!" என்றேன், நடிகன்போல. பிறகு அரை மணி நேரம் பேச்சு. அவர் அக்கா எருமைப் பாலில் வெண்ணெய் எடுப்பது, ஈரோடு பாசஞ்சர் தாமதமானது, தேவாலயத்துப் பாடகர் குழுவில் எல்லோருக்கும் மைக் தன் வாய்க்கே வேண்டும் என்கிற சண்டை. கல்யாணம் செய்துகொள்ளாதவர் அவர். கணவரை இழந்த அக்காவும் அவரும்தான் அந்த வீட்டில்.

ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிறுதோறும் இதைச் செய்தேன். ஒரு வாரம் ஒயர், ஒரு வாரம் மைக்கின் கோணம், ஒரு வாரம் கம்ப்யூட்டரின் செட்டிங். கோளாறு கண்டுபிடிப்பதற்கே சனிக்கிழமை யோசிக்க வேண்டியிருந்தது.

அவர் போவதற்கு மூன்று ஞாயிறு முன்னால் மகள் தோழிகளோடு வந்திருந்தாள். வீடு நிறைய ஆள். நான் எதுவும் அனுப்பவில்லை. நாலே காலுக்கு அவரே கூப்பிட்டார். அதற்கு முன், நான் எதுவும் அனுப்பாமல் அவராக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "மைக்கு இன்னைக்கு எப்படிங்க?" என்றார். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், எனக்கு அவசரம். "சரியாயிருச்சுண்ணா. இனிமே பிரச்சினை வராது" என்றேன்.

"அப்படிங்ளா? சந்தோசமுங்க. வெச்சர்றனுங்க."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு மகள் இல்லை. கைபேசியை எடுத்தேன், வைத்தேன். பிரச்சினையே வராது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எந்த முகத்தோடு மறுபடி கேட்பது? அதற்கடுத்த ஞாயிறு புதுக் கோளாறு ஒன்று தயாராகக்கூட வைத்திருந்தேன். வரும் வாரம் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கம்பெனியில் எதிர்ப்பட்டபோது வெறும் தலையசைப்பு. எனக்கு வீம்பு. அவருக்கு என்னவென்று தெரியவில்லை. மூன்றாவது ஞாயிறு மாலை போய்விட்டார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் அக்கா எஸ்தரக்காவிடம் போய் என் பெயரைச் சொன்னேன். "நீங்கதானுங்களா அந்த மைக்குக்காரரு?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன். மைக் எப்போதோ சரியாகிவிட்டது அக்கா, நான் பொய் சொல்லித்தான் அவரைப் பேச வைத்தேன் என்றேன்.

"அது அவனுக்குத் தெரியுமுங்க தம்பி. ஒயரு தப்புன்னா ஒரு மாதிரி கேக்குமாம், மைக்கு தள்ளி இருந்தா ஒரு மாதிரி கேக்குமாம். 'இதப் பாருக்கா, வேணும்னே திருகி வெச்ச மாதிரியே இருக்குது'ன்னு மொத வாட்டியே சிரிச்சான். பின்னென்னத்துக்குடா வாராவாரம் பேசறேன்னு கேட்டனுங்க. 'அவரு கேக்கறாரு, நான் சொல்றேன். எனக்கும் ஆரு இருக்கறாங்க கேக்கறதுக்கு'ன்னான்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்மேல் எந்தக் குற்றமும் வைக்காமல், வெறும் செய்தியாகச் சொன்னார்: "இந்த மூணு வாரமாத்தான் ஞாயித்துக்கெழமை நாலு மணிக்குப் போனை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தான்."

நண்பர்களே, அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். நல்ல வார்த்தையாக எதையாவது எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ஞாயிறு. வாசிக்கவில்லை. ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. எஸ்தரக்கா.

"ஏனுங்க தம்பி, தொந்தரவுங்களா? எங்கூட்டு ஃபேன் ஓடமாட்டீங்குதுங்க. அவன் இருந்தா பார்ப்பான். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

எனக்கு ஃபேனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரலுக்குப் பின்னால், போனில், ஒரு ஃபேன் கடகடவென்று நன்றாகச் சுற்றிக்கொண்டிருப்பது கேட்டது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரிங்கக்கா. ஒண்ணொண்ணா பார்க்கலாம். மொதல்ல சுவிட்சு போட்டிருக்கான்னு பாருங்க" என்றேன்.