குணவதி திறக்க வைத்த ஜன்னல்

என் தங்கை குணவதி லூனாஸ் ஊரில் ஜலீல் ராவுத்தர் கடையில் சுருட்டு சுற்றினாள். ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் சீமை சிகரெட் வரவில்லை. சுருட்டுக்கு நல்ல கிராக்கி. ஒரே அறையில் ஆறு பெண்கள். இரண்டு ஜன்னல், ஒவ்வொன்றிலும் நான்கு ஆணி. நானே போய் எண்ணினேன். காற்றுப் பட்டால் இலை காய்ந்து நொறுங்கிவிடும் என்று ராவுத்தர் அடித்து மூடியிருந்தார். அந்தத் தூசியில், கூட வேலை செய்த மருதம்மாளுக்கு இருமல் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டால் அவள் வீட்டில் அரிசி இல்லை.

குணவதி மூன்று முறை கேட்டுப் பார்த்தாள்.

"புகையிலைக் கடையில தும்மாம, பூக்கடையிலயா தும்முவாங்க?" என்றார் ராவுத்தர்.

ஒரு திங்கட்கிழமை பக்கத்து ஊரான கூலிமுக்குப் பத்துப் பெட்டி சுருட்டு போக வேண்டும். நண்பகலுக்குள் வண்டி கிளம்பினால்தான் அனுமதிச் சீட்டு செல்லும். தவறினால் அடுத்த சீட்டு எப்போது கிடைக்குமோ தெரியாது. வண்டிக்காரன் சின்னையா சாட்டையை எடுத்தான். உள்ளே சுருட்டு சுற்றிக்கொண்டிருந்த இராசாத்தி தும்மினாள். சின்னையா இறங்கி உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். ஒற்றைத் தும்மலில் கிளம்புகிற ஆள் இல்லை அவன். மறுபடி எழுந்தான், வேறொருத்தி தும்மினாள். இப்படி ஐந்து செம்பு.

ராவுத்தர் உள்ளே ஓடினார். "இன்னொன்னு போடும்மா! ரெட்டைன்னா நல்ல சகுனம்!"

இராசாத்தி மூக்கைத் தேய்த்துப் பார்த்தாள்; வரவில்லை.

"வேணும்னே பண்றீங்க!"

"மூக்குக்கு யாரு, மொதலாளி, உத்தரவு போட முடியும்?" என்றாள் குணவதி. "ஜன்னலுக்குத்தான் நீங்க ஆணி போட்டீங்க."

"இலை காயும்லா!"

"இலை மேல ஈரச் சாக்கப் போத்துங்க. எங்களுக்குக் காத்து வேணும்."

"பாய்!" என்று வெளியிலிருந்து சின்னையா கூவினான். "இன்னொரு செம்பு குடிச்சா, கூலிம் போற வழியெல்லாம் எறங்கி எறங்கித்தான் போவேன்!"

ராவுத்தர் தாமே சுத்தியலை எடுத்தார். எட்டாவது ஆணி வந்ததும் இரண்டு ஜன்னலும் திறந்தன, தூசி கிளம்பியது, அவரே தும்மினார்.

சின்னையா செம்பைத் தேடினான்.

"மொதலாளி தும்முனா சகுனம் இல்லடா! போ!"

"அது எந்தச் சாஸ்திரம், பாய்?"

"என் கடைச் சாஸ்திரம்!"

வண்டி கால் மணி நேரம் மிச்சம் இருக்கக் கிளம்பியது. இலைகள் ஈரச் சாக்கின் கீழ் மெத்தென்று இருந்தன. இரண்டு மாதத்தில் மருதம்மாளின் இருமல் அடங்கியது. காற்றோட்டம் தம் யோசனை என்று ராவுத்தர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆணி பிடுங்கியவர் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை.