கூவாத மோட்டார்

அந்தப் பல் மருத்துவமனையில் அக்கா, தங்கை இருவருமே டாக்டர்கள். அக்காவுக்குப் ‘பூக்கை’ என்று பெயர் வைத்தது நோயாளிகள். பல்லின் வேருக்குள் சுழன்று இறங்கும் முடி போன்ற அரத்தை அவள் தள்ளமாட்டாள்; அது போகிற போக்குக்குக் கை கொடுப்பாள். இதில் மாயம் ஒன்றுமில்லை, அந்த வேலையே அப்படித்தான். அழுத்தினால் அரம் சிக்கிக்கொண்டு முறியும். முறிவதற்கு முன்பே, அதைச் சுழற்றும் மோட்டார் எச்சரிக்கையாகக் கூவிவிட்டுப் பின்னோக்கிச் சுற்றும்.

சில மாதங்களாக அவள் கையில் அது அடிக்கடி கூவியது.

கிருமி போக நீராவியில் வெந்து வெந்து அரம் மழுங்கிவிட்டது என்று புதிதாக வாங்கினாள். வேகத்தை மாற்றிப் பார்த்தாள். தூள் அடைக்காமலிருக்க மருந்து நீரைத் தாராளமாக விட்டாள். காரணம் தேடுகிறவர்கள் தங்களைக் கடைசியில்தான் தேடுவார்கள். காலையில் ரவிக்கைக் கொக்கி விரலுக்குத் தட்டுப்படாமல் போவதை அவள் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

அன்று நாற்காலியில் தையல்காரர்.

“உங்க கைன்னா எனக்குத் தூக்கமே வந்துடும் டாக்டரம்மா. குறட்டை விட்டா எழுப்பிடுங்க.”

“வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கினா குறட்டை வராம என்ன செய்யும்?”

மரத்துப்போக ஊசி போட்டு, உறை பிரித்த புது அரத்தை இறக்கினாள். கூவியது. மறுபடியும் கூவியது. புது அரம், சரியான வேகம், வேண்டிய ஈரம். அடுத்த அறையிலிருந்த தங்கையைக் கூப்பிட்டாள்.

“இங்க வாடி. இது மழுங்கலா இருக்கு போல, நீ பாரு.”

“இப்பத்தானே பிரிச்ச?”

“பாரேன்.”

தங்கை வாங்கிக்கொண்டு குனிந்தாள். மோட்டார் ஒரே சுருதியில் ரீங்கரித்தது. ஒரு முறைகூடக் கூவவில்லை. எத்தனையோ வருடம் அக்காவின் கையிலிருந்து வந்த சத்தம் அது.

தங்கை அரத்தை வெளியே எடுத்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

“ஆமாக்கா, மழுங்கல்தான். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்.”

சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் தங்கைக்கு இமை படபடக்கும். இப்போதும் படபடத்தது.

அக்கா கையுறையைக் கழற்றி, விரல் நுனிகளைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள். யாருடைய விரல்களையோ தேய்ப்பது போலிருந்தது.

“சரி, நீயே முடிச்சிடு” என்றாள்.

“வேற அரம் மாத்திக்கட்டுமா?”

“வேணாம். அதுவே போதும்.”

தங்கை அதே அரத்தோடு குனிந்தாள். மோட்டார் மறுபடி சீராக ஓடியது. கொஞ்ச நேரத்தில் தையல்காரரின் குறட்டை எழுந்தது.

“எழுப்பவாக்கா?” தங்கையின் குரல் உடைந்திருந்தது.

“தூங்கட்டும்டி.”