அலுமினிய அம்பும் காபன் அம்பும்

ஊரில் போர் முடிந்த வைகாசிக்குப் பிறகும் எங்கள் ஸ்காபரோ வீட்டில் தொலைக்காட்சி அணையவே இல்லை. நானும் மனைவியும் செய்தியைத் தவிர வேறொன்றும் பேசிக்கொள்வதில்லை. என் இரத்த அழுத்தத்தைப் பார்த்த டொக்டர், "செய்தியைக் குறைச்சுப்போட்டு இரண்டு பேருமா எதையாவது பழகுங்கோ" என்றார். மனைவி சமூக நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். நீச்சல் நிரம்பிவிட்டது. யோகாவும் நிரம்பிவிட்டது. வில்வித்தை வகுப்பில் மட்டும் இரண்டு இடம் இருந்தது.

மூன்றாம் கிழமை பயிற்றுநர் எங்களைச் சொந்த அம்பு வாங்கச் சொன்னார். அஜக்ஸ் பக்கம் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேசையில் இரண்டு அம்புகளை வைத்து விளக்கினார். அலுமினியம் பாரம், வேகம் குறைவு, விலையும் குறைவு, எதிலாவது இடித்தால் வளைந்துவிடும். காபன் லேசு, விரைவாகப் போகும், வளையாது, ஆனால் முறியும்.

நான் பதினொரு வருடமாக அலுமினிய யன்னல் சட்டம் வெட்டுகிறவன்.

"எனக்கு அலுமினியம் காணும். வளைஞ்சால் நானே நிமித்துவன்" என்றேன்.

"வேலையிலையும் உது, விளையாட்டிலையும் உதோ? எனக்குக் காபன்" என்றாள் மனைவி. பிறகு கடைக்காரரிடம், மான் வேட்டைக்கு எது நல்லது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் முட்டையைக்கூடத் தொடாதவள்.

கடைக்காரர் உற்சாகமாகிவிட்டார். மானின் விலா எங்கே இருக்கும் என்று தன் சட்டையிலேயே தொட்டுக் காட்டினார். பாரமான அம்பு ஆழமாக இறங்கும், ஆனாலும் இப்போது அநேகமான வேட்டைக்காரர் காபனைத்தான் வாங்குகிறார்கள் என்றார். நான் முதல் பாதியைக் கேட்டேன், அவள் இரண்டாம் பாதியைக் கேட்டாள். நெடுஞ்சாலை முழுக்கச் சண்டை. சோறு போடும்போதும் சண்டை. அன்று தொலைக்காட்சியைப் போட இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அடுத்த சனிக்கிழமை என் முதல் அம்பு வைக்கோல் இலக்கின் மரக்காலில் இடித்து வாழைப்பழம் போல வளைந்தது. மனைவி சிரிக்கவில்லை. எல்லாருக்கும் காட்டினாள். ஆனால் வகுப்பு முடியுமுன் அவளுடைய அம்பு ஒன்றும் அதே மரத்தில் இடித்தது. பயிற்றுநர் அதைக் காதருகே பிடித்து மெல்ல வளைத்தார். டிக் என்றது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு, இனி எய்தால் சிதறிக் கையில் ஏறும் என்று குப்பைத்தொட்டியில் போட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மனைவி அதை எடுத்துக் கைப்பையில் செருகினாள். வீட்டுத் தக்காளிச் செடிக்கு அது முட்டுக்கொடுக்கும் கம்பாயிற்று.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம் தொலைபேசி வந்தது. மனைவியின் தங்கை கடைசிவரை வன்னியில் இருந்தவள். முகாமில் இருக்கிறாள் என்று பிறர் சொல்லித்தான் கேட்டிருந்தோம். குரலைக் கேட்டதும் இவள் அழுதாள், அங்கே அவளும் அழுதாள். அழுது முடிந்ததும் தங்கை, "அக்கா, உங்கை என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள்.

மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அம்பு விடுறம்" என்றாள்.

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"ஆருக்கு அக்கா?"

"வைக்கலுக்கு."

தங்கை சிரிக்கத் தொடங்கினாள். இருமி இருமிச் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்ல, அவர்களும் சிரிப்பது கேட்டது. தொலைபேசி அட்டையில் காசு முடியும்வரை சிரித்தார்கள்.

கடைசி வகுப்பில் சிறிய போட்டி வைத்தார்கள். நான் தொழிற்சாலையில் நிமிர்த்தி எடுத்த அம்பை எய்தேன். மேசையில் உருட்டியபோது ஒழுங்காகத்தான் உருண்டது. காற்றில் அது இடப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வெள்ளைக்காரருடைய இலக்கின் நட்டநடுவில் குத்தியது. அவர் தொப்பியைத் தூக்கி எனக்கு நன்றி சொன்னார். மனைவி மூன்றாம் இடம் எடுத்தாள்.

அடுத்த கிழமை நான் தனியே அஜக்ஸுக்குப் போய் ஆறு காபன் அம்பு வாங்கி வந்தேன். மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், தேத்தண்ணி போடப் போனாள். "நான் அப்பவே சொன்னனான்" என்றுகூடச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.