ஐந்தருவியில் உடைந்த கட்டைவிரல்

குற்றாலத்துச் சாரலைப் பற்றி உருகி எழுதுகிறவன் எவனும் அங்கே எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவன் இல்லை. நான் பதினாறு சீசனாகத் தேய்க்கிறேன். தென்காசியிலிருந்தும் அச்சன்புதூரிலிருந்தும் வருகிற எங்களுக்கு அந்த இரண்டு மூன்று மாதம்தான் பிழைப்பு. அருவிக்கு வருகிற ஆளை யார் பிடிப்பது என்று அடித்துக்கொள்வோம். நானும் நிறைய அடித்திருக்கிறேன். ஒன்றைத் தவிர எதற்கும் வருத்தமில்லை.

எண்ணெய்க் கையோடு சண்டை போட முடியாது. பிடித்தால் வழுக்கும், குத்தினால் நழுவும். அதனால் அடிக்கப் போகிறவன் முதலில் குனிந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பான். ஒருவன் மண்ணுக்குக் குனிந்தால் மற்றவன் காத்திருக்க மாட்டான். எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம், விரலில் மட்டும் கூடாது. கட்டைவிரல் அழுத்தினால்தான் எங்களுக்குச் சோறு.

அன்று காலை ஐந்தருவியில், பக்கத்துக் கல்லில் தேய்க்கிறவனிடம் வழக்கமாக வருகிற மதுரைக்காரரை நான் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டேன்.

"ஏலே, அவரு எம் பார்ட்டில்லா?" என்றான்.

"நீ தேய்ச்சா மனுசனுக்குச் சளியும் தடிமனும்தாம்லே பிடிக்கும். அதான் எங்கிட்ட வந்துட்டாரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"இருட்டுததுக்குள்ள உன் மூஞ்சிய ஒடைக்கேன், பாரு."

மத்தியானம்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி இருக்கும். தேய்ப்பதை நிறுத்தினான். என் பக்கம் திரும்பிக் குனிந்தான். மண்ணை அள்ளினான். ஒரே தாவில் போய் அவன் தாடையில் உதைத்தேன். வலது கை அடியில் மாட்ட, பாறையில் விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து நாலு குத்து விட்டேன். வாயெல்லாம் ரத்தம். மற்றவர்கள் என்னை இழுத்தார்கள். எல்லார் கையும் எண்ணெய். ஒருத்தனாலும் பிடிக்க முடியவில்லை.

"போன்லே! போன் எடுக்கதுக்குக் கை தொடச்சேன், மூதி!" என்று கத்தினான்.

அவன் இடுப்பில் பிளாஸ்டிக் பைக்குள் போன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அது அடித்தது அருவி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. உடம்புக்கடியில் மாட்டிய கையை வெளியே எடுத்தான். கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். இனி அந்த விரல் அழுத்தாது என்றார் டாக்டர். அவன் மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறவள். கஞ்சியோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்தாள். யார் செய்தது என்று கேட்டாள். நான் என்றேன்.

"இந்த வெரல வச்சுத்தானலே எங்க வீட்டுல உலை கொதிக்கு!"

தூக்குவாளியாலேயே என் வாயில் அடித்தாள். முன்பல் இரண்டு போயிற்று. கட்டிலில் கிடந்தவன் சொன்னான்: "இன்னும் ஒண்ணு போடுட்டி." போட்டாள். நான் கையைத் தூக்கவில்லை.

பல் இல்லாமல் எண்ணெய் தேய்க்கலாம். மறுநாளே போனேன். அவன் இப்போது வேன் நிறுத்துமிடத்தில் விசில் ஊதுகிறான். என்னைக் கண்டால் காறித் துப்புகிறான். அவனிடம் வந்துகொண்டிருந்தவர்கள் என்னிடம் வந்து, அவன் எங்கே என்று கேட்கிறார்கள். நான்தான் அவன் விரலை உடைத்தேன் என்று சொல்லிவிட்டுத்தான் எண்ணெயைத் தொடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே குப்புறப் படுக்கிறார்கள்.