மச்சாள் தேருக்குப் போகாத வருடம்

என் மகள் ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒட்சிசன் கொடுத்து, ஒருவாறு தேற்றித்தான் எங்களை அனலைதீவுக்கு விட்டார்கள். வெளிக்கிடும்போது தாதி ஒருவர் என் கையைப் பிடித்துச் சொன்னார். "தங்கச்சி, துண்டில எழுதின திகதிக்கே கண் பரிசோதனைக்குக் கட்டாயம் கொண்டு வாங்கோ. முந்திப் பிறந்த பிள்ளைக்குக் கண்ணுக்குப் பின்னால ரத்தக் குழாய் பிழையா வளரும். வெளிய பாத்தாத் தெரியாது. தவற விட்டா பார்வை போயிடும்."

அந்தத் திகதியில்தான் வீட்டில் துடக்குக் கழிவு வந்தது. பிள்ளை பிறந்த தீட்டென்று, முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து துடக்குக் கழிக்கும்வரை சாமியறையில் விளக்கில்லை. கோயிலுக்கும் போக ஏலாது. என்ர மனுசன் கட்டாரில் வேலை. வீட்டில் நானும், இவருடைய கலியாணம் கட்டாத அக்காவும்தான். அவர்தான் என் மச்சாள்; நயினாதீவு அம்மனின் தேரை ஒரு வருடமும் விட்டதில்லை. தேரும் கிட்டிக்கொண்டிருந்தது.

"உமக்கென்ன விசரே? வடிவாத்தானே முழிக்கிறாள். ஐயருக்கும் சொல்லியாச்சு. அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார் மச்சாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயர் நாளைக்கும் வருவார் மச்சாள். இவளின்ர கண் போனா ஆர் கொண்டு வந்து தாறது?"

"வாயைக் கழுவும்!" என்றுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

விடியப் பிள்ளையை அணைத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனால், எனக்கு முன்னமே மச்சாள் வள்ளத்தில் இருக்கிறார். "பிள்ளையையும் பிடிச்சுக் குடையும் பிடிப்பீரோ? ஏறும்." எதிர்க்கரை ஊர்காவற்றுறை வரும்வரை தண்ணீர் தெறிக்கிற பக்கத்துக்குத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, சின்னக் கம்பியால் இமையை விரித்துப் பிடித்தார்கள். பிள்ளை வீரிட்டது. நான் சுவரைப் பார்த்து அழுதேன். மச்சாள்தான் தாதிக்குப் பக்கத்தில் நின்று, "முடிஞ்சுது குஞ்சு, முடிஞ்சுது" என்று காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கண்ணிலயும் ரத்தக் குழாய் பிழையா வளர்ந்திருக்கு. உடன லேசர் செய்யவேணும்" என்றார் டொக்டர். "நல்லகாலம் இண்டைக்கு வந்தனீங்கள். அடுத்த கிழமை எண்டா பிந்தியிருக்கும்."

மச்சாள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். அவர் கையைப் பிடித்தேன். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

லேசர் செய்து, திரும்பத் திரும்பக் காட்டவேண்டியிருந்ததால் யாழ்ப்பாணத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம். தேருக்கு முந்தித் துடக்கை மட்டும் வந்து கழித்துவிட்டுப் போகும்படி ஐயர் போனில் சொன்னார். "பிள்ளை வீட்டை வரட்டும் ஐயா" என்றுவிட்டார் மச்சாள். தேரன்று காலை கிணற்றடியில் பிள்ளையின் துணி அலம்பிக்கொண்டிருந்தார். "அம்மன் எங்க ஓடப் போறா" என்றுவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பித் துடக்குக் கழித்த அன்று, ஐயர் போனபிறகு, மச்சாள் சாமியறையில் கற்பூரம் கொளுத்திப் பிள்ளைக்குக் காட்டினார். என் மகளின் கண் சுடரில் போய் நின்றது. தட்டு இடப்பக்கம் போனது, கண்ணும் போனது. வலப்பக்கம் வந்தது, கண்ணும் வந்தது.

"போதும் மச்சாள், கை சுடப்போகுது."

"பொறும்" என்றார், கண்ணீர் வழிய. "இன்னொருக்காப் பாக்கட்டும்."